கையில் பிடித்துப் பறவைப் படம் எடுக்க நீள லென்ஸ்: காசு வீணாகாமல் வாங்குவது எப்படி?

ஸ்டாண்டு போடாமல் கையிலேயே பிடித்துப் பறவைகளைப் படமெடுக்க ஒரு நீள லென்ஸ் வேண்டும், ஆனால் அதற்குப் பல லட்சம் போட முடியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை கடையாக ஏறி இறங்கி, வாடகைக்கு எடுத்துப் பார்த்து, பழைய லென்ஸ் விற்பவர்களோடு பேரம் பேசித் தெரிந்துகொண்டவை இவை. வாங்கும்போது எந்த வரிசையில் யோசிக்க வேண்டுமோ அதே வரிசையில் தருகிறேன்.

பொதுவாக எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மி.மீ.?" என்பதைத்தான். லென்ஸின் ஃபோகல் நீளம் அது, கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து எடுப்பவருக்கு அந்தக் கேள்வி மூன்றாவதாக வந்தால் போதும். முதலில் எடை. அப்புறம், உங்கள் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எந்த லென்ஸை ஏற்கும் என்பது. அதற்கும் அப்புறம்தான் நீளம்.

1. உங்கள் கை எவ்வளவு தாங்கும்?

2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்புங்கள். இரண்டு கைகளாலும் பிடித்து, கேமராவில் பார்ப்பதுபோலக் கண்மட்டத்துக்கு உயர்த்தி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். இறக்கிவிட்டு மறுபடியும் தூக்குங்கள். கால் மணி நேரம் இதையே செய்யுங்கள். கிளையில் இருக்கும் பறவை எப்போது பறக்கும் என்று காத்திருப்பது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பாட்டிலின் எடை 2 கிலோ. 150 முதல் 600 மி.மீ. வரை ஜூம் ஆகும் 150-600 வகை லென்ஸ்கள் பாடி இல்லாமலேயே அந்த எடைக்கு வந்துவிடும். தோள் வலித்தால் அடுத்த பத்தியிலேயே உங்கள் லென்ஸ் கிடைத்துவிடலாம்.

ஒரு கிலோவுக்குள்: கேனன் ஆர்எஃப் 100-400 (635 கிராம்), கேனன் ஆர்எஃப் 600 எஃப் 11 (930 கிராம்), ஒலிம்பஸ் 75-300 (சுமார் 420 கிராம்). நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். (எஃப் எண் கூடினால் லென்ஸுக்குள் வரும் ஒளி குறையும், அதை நான்காவது படியில் பார்க்கலாம்.)

ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை: சிக்மா 100-400 கன்டெம்பரரி (1,160 கிராம்), டேம்ரான் 100-400 (சுமார் 1.1 கிலோ), கேனன் ஆர்எஃப் 800 எஃப் 11 (1,260 கிராம்), பழைய கேனன் ஈஎஃப் 400 எஃப் 5.6 (1,250 கிராம்). என்னைக் கேட்டால் முதல் நீள லென்ஸ் வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இந்த வரிசையே சரி.

இரண்டு கிலோவை ஒட்டி: சிக்மா 150-600 கன்டெம்பரரி (1,930 கிராம்), டேம்ரான் 150-600 ஜி2 (சுமார் 2 கிலோ), நிக்கான் 200-500 எஃப் 5.6 (2,300 கிராம்), சோனி 200-600 (2,115 கிராம்), நிக்கான் இசட் 180-600 (1,955 கிராம்). கையில் பிடிக்க முடியாது என்றில்லை, பலர் பிடிக்கிறார்கள். ஆனால் பாடியும் சேர்ந்தால் இரண்டரை, மூன்று கிலோ ஆகிவிடும். காலை மூன்று மணி நேரம் சுற்றிய பிறகு கை நடுங்கத் தொடங்கும். அப்போதும் படம் கூர்மையாக வருமா என்று பாருங்கள்.

இதில் மூன்று பொறிகள். முதலாவது, சிக்மாவில் 150-600 என்ற பெயரில் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) இரண்டு லென்ஸ் உண்டு. கன்டெம்பரரி 1,930 கிராம், ஸ்போர்ட்ஸ் 2,860 கிராம். பழைய லென்ஸ் விற்பவர் விளம்பரத்தில் "சிக்மா 150-600" என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது, சில நிறுவனங்கள் ஸ்டாண்டில் மாட்டும் காலர் இல்லாத எடையைப் போடுவார்கள், சிலர் அதையும் சேர்த்துப் போடுவார்கள். மேலே சோனிக்கும் நிக்கான் இசட்டுக்கும் உள்ளவை காலர் இல்லாத எடை. நிக்கான் 200-500-க்கு உள்ளது காலரோடு. மூன்றாவது, ஜூம் செய்யும்போது முன்னால் நீண்டு வரும் லென்ஸில் எடை முன்பக்கம் சாயும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளேயே ஜூம் ஆகும், நீளம் மாறாது. இந்த வித்தியாசம் எண்ணில் தெரியாது, கையில் பிடித்தால்தான் தெரியும்.

2. உங்கள் பாடியோடு சேருமா?

கேனன் டிஎஸ்எல்ஆர் (1500டி, 200டி, 80டி போன்றவை) வைத்திருந்தால் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸ் பாடியில் பொருந்தும் இடம்) உள்ள லென்ஸ் வாங்க வேண்டும். ஆர்எஃப் லென்ஸ் அதில் ஏறாது. கேனன் ஆர் வரிசை மிரர்லெஸ் (உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத) பாடியில் ஆர்எஃப் லென்ஸ் நேராக மாட்டலாம், ஈஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டலாம். ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யும். நிக்கானிலும் இதே கதைதான்: இசட் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் ஏறாது, டிஎஸ்எல்ஆர் லென்ஸ் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் பாடியில் ஏறும்.

நிக்கான்காரர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். அடுத்தது, 200-500-ம் டேம்ரான் ஜி2-வும் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) மின்சாரத்தால் இயக்குபவை. டி90, டி80, டி3000 போன்ற பழைய பாடிகளில் இவற்றின் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது. "நிக்கான் மவுண்ட்தானே சார், எல்லாத்துலயும் போகும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் பாடியையே எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள்.

சிக்மா, டேம்ரான் பழைய லென்ஸ்களைப் புதிய மிரர்லெஸ் பாடியில் போட்டால் சில நேரம் லென்ஸுக்குப் புதிய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குச் சிக்மாவில் யூஎஸ்பி டாக், டேம்ரானில் டேப்-இன் கன்சோல் என்று தனிக் கருவி வேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

3. எத்தனை மி.மீ. உண்மையிலேயே தேவை?

எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். 300 மி.மீ. அங்கே தாராளம், 600 இருந்தால் பறவை ஃபிரேமுக்குள் அடங்காது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும், மரங்கள் ஏரிக்குள் இருக்கின்றன. 400-க்குக் குறைந்தால் கடினம். கோடியக்கரை சேற்றுவெளியில் பூநாரைக் கூட்டம் நிற்கும் தூரத்துக்கு 600-ம் போதாமல் போகும். அங்கே நீளத்தைவிட வெப்ப அலைதான் சிக்கல். வெயில் ஏறியதும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே காற்று நெளியும், எத்தனை லட்சம் போட்டு வாங்கிய லென்ஸாக இருந்தாலும் படம் குழைந்துதான் வரும். காலை ஒளியிலேயே எடுத்து முடித்துவிட வேண்டியதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டின்) அகலத்தை லென்ஸின் மி.மீ.யால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று தெரியும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம். 600 மி.மீ. லென்ஸோடு 30 மீட்டர் தூரத்தில் 1.8 மீட்டர் விழும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. இருக்கும், அதாவது ஃபிரேமில் ஆறில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அது சுமார் 930 பிக்சல். போனில் பகிரப் போதும். ஏ4 அளவில் நன்றாக அச்சிட, படத்தின் நீள்பக்கத்துக்கு ஏறத்தாழ 3,500 பிக்சல் வேண்டும். ஆகவே பறவையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் பிரேம் போடும் எண்ணம் இருந்தால் இன்னும் கிட்டே போக வழி பார்க்க வேண்டும். 600-ஐ 800 ஆக்குவதைவிட 30 மீட்டரை 15 ஆக்குவது மலிவு.

அதைவிடச் சிறிய கிராப் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. அதில் 400 மி.மீ. போட்டால் 30 மீட்டரில் 1.76 மீட்டர் விழும். ஃபுல் ஃபிரேமில் 600 போட்டதற்குச் சமம். கிராப் பாடி வைத்திருப்பவருக்கு 400 போதும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வண்ணத்துப்பூச்சி, தும்பியும் எடுப்பீர்களா? அப்படியானால் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று பாருங்கள். நிக்கான் 200-500-க்கு 2.2 மீட்டர், சிக்மா கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர், கேனன் 600 எஃப் 11-க்கு 4.5 மீட்டர், 800 எஃப் 11-க்கு 6 மீட்டர். கடைசி இரண்டும் காலடியில் உட்காரும் எதற்கும் உதவாது.

4. வெளிச்சம் என்ன சொல்கிறது?

கையில் பிடிக்கும்போது பழைய விதி ஒன்று உண்டு: ஷட்டர் ஸ்பீடு லென்ஸ் நீளத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 600 மி.மீ.க்கு 1/600 விநாடி. கிராப் பாடியில் 400 மி.மீ. என்றால், அது 600-க்குச் சமம் என்பதால், 1/640. லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி (கேனனில் ஐஎஸ், நிக்கானில் விஆர், சிக்மாவில் ஓஎஸ், டேம்ரானில் விசி) இருந்தால் இன்னும் குறைக்கலாம். ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் சரி செய்யும், பறவையின் அசைவை அல்ல. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். எஃப் 5.6-க்கும் 6.3-க்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். 5.6-க்கும் 11-க்கும் இடையே முழுதாக இரண்டு ஸ்டாப். காலை மங்கலில் ஒன்றில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படம் சொரசொரப்பாகும்) 1600 போதும் என்றால் மற்றதில் 6400 வேண்டும். கேனன் 600, 800 எஃப் 11 லென்ஸ்கள் எடையிலும் விலையிலும் அதிசயம்தான், ஆனால் அவற்றின் அப்பர்ச்சர் 11-லேயே நிற்கும், பல பாடிகளில் ஃபோகஸும் ஃபிரேமின் நடுப்பகுதியில் மட்டுமே கிடைக்கும். திறந்தவெளி ஏரிக்கு எடுத்துச் செல்லலாம். வால்பாறை, முதுமலை போன்ற நிழல் காட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டெலிகன்வர்ட்டர் (பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் துணை லென்ஸ்) போட்டு நீட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 6.3 லென்ஸ் 9 ஆகிவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் அங்கே ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். இந்த விலை லென்ஸ்களுக்கு அது வேண்டாம்.

5. எவ்வளவு செலவாகும்?

நம் ஊர் விலை சலுகையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க அறிமுக விலையைத் தருகிறேன். கேனன் ஆர்எஃப் 100-400: 649 டாலர். ஆர்எஃப் 600 எஃப் 11: 699. ஆர்எஃப் 800 எஃப் 11: 899. சிக்மா 150-600 கன்டெம்பரரி: 1,089. நிக்கான் 200-500, டேம்ரான் ஜி2 இரண்டும் 1,399. நிக்கான் இசட் 180-600: 1,699. கேனன் ஆர்எஃப் 200-800: 1,899. சோனி 200-600: 1,999. எது மலிவு, எது விலை கூடுதல் என்று தோராயமாக ஒப்பிட இது உதவும்.

லென்ஸ் விலையோடு கணக்கு முடிவதில்லை. அடாப்டர், டாக், பெரிய பை, ஈரம் புகாத பெட்டி எல்லாம் வரும். 95 மி.மீ. வாய் உள்ள லென்ஸுக்கு நல்ல ஃபில்டர் வாங்கினால் அதுவே தனிச் செலவு. மலிவு ஃபில்டர் போட்டால் படத்தின் கூர்மை போகும். இரண்டும் வேண்டாம், ஹுட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) எப்போதும் மாட்டி வைத்தால் போதும்.

6. வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள்

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். ஆதார் நகல், முகவரிச் சான்று, முன்பணம் அல்லது காசோலை கேட்பார்கள். எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு நாள் என்பது 24 மணி நேரமா அல்லது கடை மூடும் நேரம் வரையா, ஞாயிறு கடை விடுமுறை என்றால் அந்த நாளுக்கும் வாடகை உண்டா, கீறல் விழுந்தால் யார் எவ்வளவு தர வேண்டும். லென்ஸை வாங்கும்போதே கவுன்டரில் வைத்து முன்கண்ணாடி, பின்கண்ணாடி, உடம்பு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருந்த கீறல் உங்கள் தலையில் விழும்.

வாடகை நாளில் அழகான படம் தேட வேண்டாம். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரே தூரத்தில், ஒரே ஷட்டர் ஸ்பீடில் பத்துப் பத்து படம் எடுங்கள். கூர்மையாக வந்தவற்றை வீட்டில் எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்கு எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் லென்ஸ் உங்கள் கைக்குக் கனம்.

பிடிக்கும் முறையும் முக்கியம். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், எடை நடுவில் விழும் இடத்தில் இருக்க வேண்டும். முழங்கைகள் விலாவை ஒட்டி. காலரின் கால் உள்ளங்கையை உறுத்தினால் மேற்பக்கம் திருப்பிவிடுங்கள். தோள்வாரை பாடியில் மாட்டாமல் லென்ஸ் காலரில் மாட்டுங்கள், மொத்த எடையும் மவுண்ட்டில் தொங்கக் கூடாது.

7. கடையிலும் பழைய லென்ஸ் விற்பவரிடமும் சோதிப்பது

உங்கள் பாடி, உங்கள் மெமரி கார்டு. கடைக்கு வெளியே வந்து, தெருவுக்கு அப்பால் உள்ள பெயர்ப்பலகையை முழு ஜூமில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நேராக இல்லை என்று பொருள், வேண்டாம். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாகவும் திரை வழியாகவும் ஒரே பொருளை எடுத்து ஒப்பிடுங்கள். திரையில் எடுத்தது மட்டும் கூர்மை என்றால் ஃபோகஸ் முன்னோ பின்னோ விழுகிறது. இதைச் சரிசெய்யும் வசதி தொடக்கநிலை பாடிகள் பலவற்றில் கிடையாது. டாக் அல்லது டேப்-இன் கன்சோலை ஏற்கும் சிக்மா, டேம்ரான் லென்ஸ் என்றால் அதன் வழியாகத் திருத்தலாம்.

பழைய லென்ஸ் என்றால் போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சர்வ சாதாரணம். "துடைச்சா போயிடும்" என்பார்கள், போகாது. சில தூசித் துகள்கள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஜூம் வளையம் மணல் அரைபடுவதுபோல உரசினால் விட்டுவிடுங்கள்.

8. தாள்கள்

புதிய லென்ஸ் என்றால் ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில்லில் உங்கள் பெயரும் லென்ஸின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்றால் அது பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து வந்த சரக்கு. நிறுவனத்தின் இந்திய சர்வீஸ் சென்டரில் அதற்கு வாரன்டி கிடைக்காது. ஒரு கடையில் எனக்குக் காட்டிய பெட்டியில் ஒரு சீரியல் எண், லென்ஸில் வேறொரு எண். கேட்டதும் "மாறிப்போச்சு சார்" என்று உள்ளே எடுத்துப் போனார்கள். பெட்டி, லென்ஸ், பில், வாரன்டி அட்டை நான்கிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

பழையது என்றால் முதல் பில்லின் அசலைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் அடையாள அட்டை நகல், "இந்த எண்ணுள்ள லென்ஸை இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன்" என்று ஒரு வரி, கையெழுத்து. பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று நாளை ஒரு பிரச்சினை வந்தால் இவைதான் உங்களிடம் இருக்கும்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் சுங்க வரியையும் கூட்டிக் கணக்கிடுங்கள். வரியில்லா வரம்பும் வரி வீதமும் மாறுபவை, அவர் கிளம்பும் முன் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். வரியையும் வாரன்டி இல்லாததையும் கூட்டினால் பெரும்பாலும் லாபம் நிற்காது.

9. எப்போது வாங்குவது?

வேடந்தாங்கல் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். அதை ஒட்டித் தீபாவளிச் சலுகை வரும். புதிய லென்ஸை அப்போது வாங்கினால் பருவம் சூடுபிடிக்கும் முன் கைபழகும். பழைய லென்ஸுக்கு ஏப்ரல், மே நல்லது. பருவம் முடிந்ததும் விற்க நினைப்பவர்கள் வருவார்கள், வாங்குபவர்கள் குறைவு. டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் நிக்கான் 200-500, சிக்மா கன்டெம்பரரி போன்றவற்றைக் கழித்துக்கொண்டே இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. "இன்னொருத்தர் அட்வான்ஸ் தர ரெடி" என்றால் தரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

10. வாங்கிய பிறகு முதல் வாரம்

இணையத்தில் வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் ஏழாவது படியில் சொன்ன சோதனைகளைச் செய்து முடியுங்கள். வாரன்டியை நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். காப்பீடு எடுப்பதாக இருந்தால் திருட்டுக்கு மட்டுமா, கீழே விழுந்தாலும் உண்டா என்று கேட்டு எடுங்கள்.

லென்ஸைப் பையிலேயே விட்டு வைக்காதீர்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு லென்ஸை எடுத்துப் போவதாக இருந்தால், புறப்படும்போது விமான நிலையச் சுங்கப் பிரிவில் பில்லையும் சீரியல் எண்ணையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது அங்கே வாங்கியதல்ல என்று காட்ட அதுதான் ஆதாரம். அந்த கவுன்டரில் நேரம் பிடிக்கும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.